ஆகாசவாணி மெட்டுக்கு முன் ஒரு வியாழக்கிழமை கச்சேரி: யார் இந்த வால்டர் காஃப்மன்?

வீட்டில் ரேடியோ இருந்த தலைமுறையில் நீங்கள் வளர்ந்திருந்தால் அந்த மெட்டு உங்களுக்குத் தெரியும். விடிகாலை, இன்னும் வெளிச்சம் வராத நேரம். சமையலறையில் அம்மாவோ பாட்டியோ ரேடியோவைத் திருகுவார்கள். முதலில் தம்புராவின் ரீங்காரம், அதன் மேல் ஒரு வயலின் மெதுவாக ஏறி இறங்கும். சில நொடிகள்தான். திரும்பத் திரும்ப அதுவே ஒலிக்கும். பிறகு அறிவிப்பாளரின் குரல் வரும், நிலையத்தின் அன்றைய நாள் தொடங்கும்.

ஆல் இந்தியா ரேடியோவின் அந்த அடையாள இசையை உருவாக்கியவர் என்று பரவலாகச் சொல்லப்படுபவர் வால்டர் காஃப்மன். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூத இசைக்கலைஞர் என்ற ஒற்றை வரியோடு வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கொரு முறை வலம் வருவார். அந்த வரி சரிதான். ஆனால் அவருடைய 12 ஆண்டு பம்பாய் வாழ்க்கையை அது சில நொடி மெட்டாகச் சுருக்கிவிடுகிறது. வாரம் தவறாமல் அவர் செய்த வேலை ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பம்பாயில் ஒரு சேம்பர் மியூசிக் சபாவைத் தொடங்கி, வியாழக்கிழமை தோறும் கச்சேரி நடத்தினார் அவர்.

டாக்டர் பட்டத்தை வேண்டாம் என்ற மாணவர்

காஃப்மன் பிறந்தது 1907 ஏப்ரல் 1-ஆம் தேதி, கார்ல்ஸ்பாட் என்ற ஊரில். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர். அன்று ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் இருந்தது. முதல் உலகப்போருக்குப் பிறகு செக்கோஸ்லோவாகியா ஆனது. இன்று செக் குடியரசில் கார்லோவி வாரி என்ற பெயரில் இருக்கிறது. ஜெர்மன் பேசும் யூதக் குடும்பம்.

பெர்லினில் ஃபிரான்ஸ் ஷ்ரேக்கர் என்ற பெரிய இசையமைப்பாளரிடம் இசையமைப்பு படித்தார். அங்கேதான் கர்ட் சாக்ஸ் என்ற ஆய்வாளரின் பாடங்களும் கிடைத்தன. உலகின் பல்வேறு இசை மரபுகளை அருகருகே வைத்துப் பார்க்கும் துறையின் முன்னோடிகளில் ஒருவர் சாக்ஸ். பின்னாளில் காஃப்மன் எழுதப்போகும் புத்தகங்களின் விதை இந்த வகுப்பில்தான் விழுந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

அடுத்து பிராக் நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகம். குஸ்டாவ் மாலரின் சிம்பொனிகளைப் பற்றி ஆய்வேடு எழுதி முடித்தார். பட்டம் வாங்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் தன் நெறியாளர் குஸ்டாவ் பெக்கிங் உள்ளூர் நாஜி இளைஞர் அமைப்பின் தலைவர் என்று தெரியவந்தது. அவர் கையால் வரும் பட்டம் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தோடு மல்லாடியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய முடிவு என்று புரியும். வருஷக் கணக்கான உழைப்பு. அதை விட்டுவிட்டு வந்தபோது அவருக்கு வயது இருபதுகளின் நடுப்பகுதி.

ஏன் இந்தியா?

ஏதோ ஆன்மிகத் தேடல், கீழைநாட்டு மோகம் என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். விசா சுலபமாகக் கிடைத்தது. காரணம் அதுதான் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். எந்த நாட்டில் வேலை கிடைக்கும் என்பதை விட எந்த நாடு உள்ளே விடும் என்று பார்த்து வாழ்க்கையைத் திட்டமிடுவது நம்மில் பலருக்கும் பழகிய கணக்குதானே.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 1934 பிப்ரவரியில் காஃப்மன் பம்பாயில் கப்பலிறங்கினார். வயது 26. மகாலட்சுமி பக்கம் வார்டன் ரோட்டை ஒட்டி இருந்த ரேவா ஹவுஸ் என்ற இரண்டு மாடி பங்களாவில் குடியிருந்தார். கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தார். ஆனால் ஐரோப்பாவின் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. 1938-இல் அவர் பிறந்த ஊரையே ஜெர்மனி எடுத்துக்கொண்டது. 1939 மார்ச்சில் ஜெர்மன் படை பிராகுக்குள் நுழைந்தது. திரும்பிப் போவதற்கு ஊர் இல்லை. 12 வருஷம் ஓடிவிட்டது.

சேம்பர் மியூசிக் என்றால் என்ன?

இங்கே கொஞ்சம் நின்று இதைப் பார்த்துவிடுவோம். மேற்கத்திய இசை என்றதும் நம் மனக்கண்ணில் வருவது சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. மேடை நிறைய ஆட்கள், கோட்டு சூட்டு, நடுவில் கோல் பிடித்த கண்டக்டர். ஒரே வரியைப் பத்துப் பன்னிரண்டு வயலின்கள் சேர்ந்து வாசிக்கும்.

சேம்பர் மியூசிக் அப்படியில்லை. சேம்பர் என்றால் அறை. ஓர் அறைக்குள் அடங்கும் இசை. இரண்டு பேர், மூன்று பேர், நான்கு பேர், மிஞ்சிப்போனால் எட்டு ஒன்பது பேர். ஒரு வரிக்கு ஒரே ஓர் ஆள். கண்டக்டர் கிடையாது. ஒருவர் தவறினால் மறைத்துக்கொள்ள பக்கத்தில் இன்னொருவர் இல்லை. கண்ணசைவிலும் மூச்சிலும்தான் எல்லோரும் சேர்ந்து போக வேண்டும். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்ந்தால் ஸ்ட்ரிங் குவார்டெட். பியானோ, வயலின், செல்லோ சேர்ந்தால் பியானோ ட்ரியோ. ஹைடன், மோட்சார்ட், பீத்தோவன், ஷூபர்ட் என்று பெரிய தலைகள் எல்லோருமே இதற்காக எழுதியிருக்கிறார்கள்.

நமக்குப் பழக்கமான ஒன்றைச் சொன்னால் இன்னும் எளிது. பாடகர், வயலின், மிருதங்கம், கடம் என்று நான்கு பேர் உட்காரும் கர்நாடகக் கச்சேரியின் நெருக்கம்தான் இதிலும். பெரிய அரங்கமும் மைக்கும் வருவதற்கு முன்னால், வீட்டுக் கூடத்தில் நடந்த கச்சேரிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கும் இதில் உண்டு. சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா நடத்த 60, 70 பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். மூன்று பேர் கூடி வாசிக்க ஓர் அறையும் ஒரு பியானோவும் போதும். அகதியாக வந்த ஓர் இளைஞர் சில மாதங்களுக்குள் எதைத் தொடங்க முடியும்? இதைத்தான் தொடங்க முடியும்.

வியாழக்கிழமைகள்

வந்த சில மாதங்களிலேயே பாம்பே சேம்பர் மியூசிக் சொசைட்டி தொடங்கிவிட்டது. இடம், வில்லிங்டன் ஜிம்கானா. நாள், ஒவ்வொரு வியாழக்கிழமையும்.

ஆரம்ப காலப் புகைப்படம் ஒன்று இருக்கிறது. பியானோவில் காஃப்மன். செல்லோவில் எடிஜியோ வெர்கா என்ற இத்தாலியர். வயலினில் ஒரு பார்சி இளைஞர், மெஹ்லி மேத்தா. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற கண்டக்டரான சுபின் மேத்தாவின் அப்பா. அந்த மூவரையும் பார்த்தால் அன்றைய பம்பாயின் குறுக்குவெட்டு மாதிரி இருக்கிறது. பொஹீமியாவில் இருந்து வந்த யூதர், இத்தாலியர், பம்பாய் பார்சி. காஃப்மனும் மேத்தாவும் கிட்டத்தட்ட ஒரே வயது. மேத்தா 1908-இல் பிறந்தவர், காஃப்மனை விட ஒன்றரை வயது இளையவர்.

என்னை நிறுத்தியது ஓர் எண். 1937 மே மாதத்துக்குள் இந்தச் சொசைட்டி 136 கச்சேரிகளை முடித்திருந்தது.

எண்களோடு பிழைப்பு நடத்துகிறவள் என்பதால் சும்மா கடந்து போக முடியவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். காஃப்மன் கப்பலிறங்கிய 1934 பிப்ரவரியில் இருந்து 1937 மே வரை சுமார் 170 வாரங்கள். இறங்கிய மறுநாளே சொசைட்டி தொடங்கியதாக வைத்துக்கொண்டாலும், ஐந்து வாரத்துக்கு நான்கு கச்சேரி என்று வருகிறது. உண்மையில் தொடங்கியது சில மாதம் கழித்துத்தான். அப்படியென்றால் விகிதம் இன்னும் கூடும். பம்பாய் மழைக்காலம், காய்ச்சல், வெளியூர்ப் பயணம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால், ஏறக்குறைய ஒரு வாரமும் விடவில்லை.

ஒவ்வொரு வாரமும் என்றால் என்ன அர்த்தம்? ஒரே உருப்படியை எத்தனை தடவை வாசிக்க முடியும்? வருவதெல்லாம் பெரும்பாலும் அதே முகங்கள். புதிது புதிதாகத் தயாரிக்க வேண்டும். நோட்டுப் புத்தகம் தேட வேண்டும், ஒத்திகை பார்க்க வேண்டும், வாசிக்க ஆள் பிடிக்க வேண்டும். பம்பாயின் ஈரக்காற்றில் வயலின் தந்தியும் பியானோவும் சுருதி நிற்காது என்பது தனிக்கதை. இதையெல்லாம் தாண்டி மூன்று வருஷத்துக்கு மேல் ஒரு சிறு குழு வாரா வாரம் மேடையேறியிருக்கிறது. அலுவலகத்தில் நண்பர்களோடு சேர்ந்து வாராவாரம் பேட்மிண்டன் விளையாடலாம் என்று தொடங்கி, ஆறாவது வாரத்தில் கைவிட்ட அனுபவம் உள்ளவர்கள் 136-ஐ மதிப்பார்கள்.

பம்பாயில் வாசிக்க ஆட்கள் இல்லாமல் இல்லை. கோவா கத்தோலிக்கர்களிடம் வயலின் வாசிப்பு தலைமுறை தலைமுறையாக வந்தது. தேவாலயப் பள்ளிகளில் நோட்டு படிக்கக் கற்றவர்கள். ஹோட்டல் இசைக்குழுக்களிலும், பிறகு சினிமா ஸ்டூடியோக்களிலும் வேலை பார்த்தார்கள். இந்தி சினிமாவின் வயலின் கூட்டத்துக்கு முதுகெலும்பு அவர்கள்தான். ராணுவ, கடற்படை பேண்டுகளில் இருந்தும் ஆட்கள் கிடைத்தார்கள். சினிமாவும் ஹோட்டலும் சோறு போடும், சிம்பொனி போடாது. ஆகவே பெரிய ஆர்கெஸ்ட்ரா என்பது ஒவ்வொரு முறையும் ஆள் சேர்த்துக் கட்டப்படும் பந்தல் மாதிரி.

அந்தப் பந்தலையும் மெஹ்லி மேத்தா போட்டுப் பார்த்தார். 1935-இல் பாம்பே சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா, 1940-இல் பாம்பே ஸ்ட்ரிங் குவார்டெட். அடுத்த வருஷமே, 1936 ஏப்ரலில், சுபின் பிறந்தார். அப்பாவின் ஒத்திகைகளைக் கேட்டுக்கேட்டே வளர்ந்தவர் சுபின். அந்தச் சூழல் தானாக உருவானதில்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

பிடிக்காத இசையைப் படிப்பது

இந்திய இசையோடு காஃப்மனின் முதல் சந்திப்பு நன்றாக இல்லை. இசைத்தட்டில் கேட்டபோது ஒன்றும் புரியவில்லை, அந்நியமாக இருந்தது என்று எழுதியிருக்கிறார். அதில் அதிசயமில்லை. அக்காலத்து ஐரோப்பியர் பலர் அதோடு நிறுத்திக்கொண்டு, இது இசையே இல்லை என்று தீர்ப்பும் எழுதிவிட்டுப் போனார்கள்.

இவர் வேறு மாதிரி யோசித்தார். மனமும் அறிவும் உள்ள மனிதர்கள் உருவாக்கிய இசை இது. லட்சக்கணக்கானவர்கள் இதைக் கேட்டு உருகுகிறார்கள். அப்படியிருக்க எனக்குப் புரியவில்லை என்றால் குறை என்னிடம்தான். இசை பிறந்த இடத்திலேயே போய்ப் படிப்பதுதான் வழி. இதுதான் அவர் வந்து சேர்ந்த முடிவு. 1930-களில், ஆளும் இனத்தின் தோல் நிறம் கொண்ட ஒருவர், காலனி நாட்டு இசையைப் பற்றி இப்படி நினைத்தது சாதாரண விஷயம் இல்லை.

நினைத்ததோடு நிற்கவில்லை. ராகங்களைப் படித்தார். மத்திய இந்தியாவின் கோண்ட், பைகா பழங்குடிகளின் பாடல்களை எழுதியெடுத்து, 1941-இல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் கட்டுரையாக வெளியிட்டார். மோகன் பவ்நானி என்ற இயக்குநரின் படங்களுக்கு வேலை பார்த்ததால் ஸ்டூடியோ இசையும் பழகியது. 1938-இல் 'அனசூயா' என்ற வானொலி இசை நாடகம் எழுதினார். இந்தியாவின் முதல் ரேடியோ ஓபரா என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். 1943-இல் 'ஆறு இந்திய மினியேச்சர்கள்', 1945-இல் 'நவரத்னம்' என்று உருப்படிகளின் பெயர்களே அவர் எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார் என்று காட்டும்.

அந்த மெட்டு யாருடையது?

1936 ஜூனில்தான் இந்திய அரசு ஒலிபரப்புச் சேவைக்கு ஆல் இந்தியா ரேடியோ என்று பெயர் வந்தது. 1937-இல் காஃப்மன் அதன் பம்பாய் நிலையத்தில் ஐரோப்பிய இசைப் பிரிவின் இயக்குநர் ஆனார். 1946 வரை அந்த வேலை. வியாழக்கிழமைக் கச்சேரி பார்த்த சில நூறு பேரைத் தாண்டி, முதல்முறையாக அவர் இசை பெரிய கூட்டத்தை அடைந்தது இப்படித்தான்.

அடையாள இசை 1936-இல் உருவானது என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். வேலையில் சேர்ந்ததோ 1937. தேதிகள் லேசாக இடிக்கின்றன என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேலைக்கு முன்பே எழுதிக்கொடுத்திருக்கலாம், இல்லை ஒரு வருஷம் பிசகியிருக்கலாம்.

யார் இசையமைத்தது என்பதிலும் சர்ச்சை உண்டு. தாக்கூர் பல்வந்த் சிங் பெயரும் அடிபட்டிருக்கிறது, வேறு சிலர் பெயரும். காஃப்மன் பக்கம் இருக்கும் வலுவான சாட்சி அவருடைய வயலின் சொனாட்டா. அதில் இதே மெட்டு தலைகாட்டுகிறது. வயலின் வாசித்தது மெஹ்லி மேத்தா என்பது பரவலான நம்பிக்கை. நம்ப இடம் இருக்கிறது. பியானோவுக்குப் பக்கத்தில் வாராவாரம் நின்ற வயலின்காரர் அவர்தானே. அந்த மெட்டு வானத்திலிருந்து விழவில்லை, வியாழக்கிழமைக் கூட்டணியின் பழக்கத்தில் இருந்து வந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ராகம்? சிவரஞ்சனியின் சாயல் என்பார்கள். மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களை எடுத்து, காந்தாரத்தை மட்டும் ஒரு படி கீழே இறக்கினால் சிவரஞ்சனி. அந்த ஓர் ஸ்வர மாற்றத்தில் மோகனத்தின் குதூகலம் போய் ஏக்கம் வந்துவிடும். தமிழ் சினிமாவில் சோகப் பாட்டு என்றால் இசையமைப்பாளர்கள் அடிக்கடி கதவைத் தட்டும் ராகம்.

வீட்டுக்குள்

காஃப்மனின் மனைவி பெயர் கெர்ட்டி. எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவின் சகோதரி எல்லியின் மகள். ஆம், 'உருமாற்றம்' எழுதிய அதே காஃப்கா. 1924-இலேயே அவர் காசநோயில் இறந்துவிட்டார். அவருடைய மூன்று சகோதரிகளும் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். எல்லி 1941-இல் பிராகில் இருந்து போலந்தின் லோட்ஸ் கெட்டோவுக்கு அனுப்பப்பட்டவர், திரும்பவில்லை. கெர்ட்டி உயிர் பிழைத்தார்.

அதே 1941-இல் பம்பாயில் ரேடியோ நிகழ்ச்சிகள் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தன. அட்டவணை தயாரிக்க வேண்டும், கலைஞர்களை ஏற்பாடு செய்ய வேண்டும், ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போக வேண்டும். ஊரில் இருந்து கடிதம் வருமா வராதா என்று தெரியாமல் இதையெல்லாம் எப்படிச் செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

தான் தப்பியதோடு விட்டுவிடவில்லை காஃப்மன். வில்லி ஹாஸ் என்ற பழைய நண்பர், பெர்லினில் பெரிய இலக்கியப் பத்திரிகை நடத்தியவர். அவர் 1939-இல் பம்பாய் வந்து சேர்வதற்குக் காஃப்மன் உதவினார். ஹாஸ் இங்கே வந்து பவ்நானியின் படங்களுக்குத் திரைக்கதை எழுதினார். பெர்லின் இலக்கிய விமர்சகர் இந்தி சினிமாவுக்குக் கதை எழுதிய காலம் அது.

எல்லோருக்கும் இப்படி அமையவில்லை. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும், ஜெர்மன் குடியுரிமை உள்ளவர்களை எதிரி நாட்டவர் என்று பிரிட்டிஷ் இந்திய அரசு முகாம்களில் அடைத்தது. ஹிட்லரிடம் இருந்து தப்பி வந்த யூதர்களும் அதில் சிக்கினார்கள். கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பது எல்லாவற்றையும் தீர்மானித்தது.

கலைந்த கூட்டம்

1945-இல் மெஹ்லி மேத்தா நியூயார்க் போனார், ஐவன் கலாமியன் என்ற புகழ்பெற்ற ஆசிரியரிடம் வயலின் படிக்க. அப்போது அவருக்கு 37 வயது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். 37-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மறுபடி மாணவனாவதற்கு ஒரு தைரியம் வேண்டும். 1946-இல் காஃப்மன் லண்டன் போனார், பிபிசியில் கண்டக்டர் வேலை. அடுத்த வருஷம் இந்தியா விடுதலை பெற்றது. அதையொட்டி பிரிட்டிஷாரும் ஐரோப்பிய அகதிகளில் பெரும்பாலோரும் கிளம்பிவிட்டார்கள். பம்பாயின் மேற்கத்திய இசைக் கச்சேரிகளுக்கு வாசிக்கவும் ஆள் குறைந்தது, கேட்கவும் ஆள் குறைந்தது.

அடியோடு அழிந்துவிடவில்லை. 1962-இல் பாம்பே சேம்பர் ஆர்கெஸ்ட்ரா என்று ஒரு குழு வந்தது. 2006-இல் மும்பை என்சிபிஏ-வில் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா தொடங்கியது. வெளிநாட்டுக் கலைஞர்கள் கணிசமாக வாசிக்கும் குழு அது. உள்ளூர் ஆட்களை மட்டும் வைத்து நிரந்தரமாக ஓர் ஆர்கெஸ்ட்ரா நடத்துவது அன்று எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு கஷ்டம் இன்றும்.

லண்டனில் இருந்து காஃப்மன் கனடா போனார். 1947-இல் ஹாலிஃபாக்ஸ் இசைக் கல்லூரியில் பியானோ துறைத் தலைவர். 1948-இல் வினிபெக் நகரம் புதிதாக ஒரு சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா தொடங்கியது. அதன் முதல் கண்டக்டர் காஃப்மன். முதல் கச்சேரி 1948 டிசம்பர் 16. பம்பாயில் மூன்று பேரோடு தொடங்கியவருக்கு, ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவை ஒன்றுமில்லாததில் இருந்து கட்டும் வேலை. பத்து வருஷம் போல அங்கே இருந்தார். அந்தக் குழு இன்றும் ஓடுகிறது.

பனிக்காலத்தில் மைனஸ் 30 டிகிரிக்குப் போகும் ஊர் வினிபெக். அங்கே போனபிறகும் இந்தியா அவரை விடவில்லை. 1948-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பாப்ஸ் ஆர்கெஸ்ட்ரா அவருடைய புதிய உருப்படி ஒன்றை அரங்கேற்றியது. பெயர், 'மெட்ராஸ் எக்ஸ்பிரஸ்'.

ராகங்களின் டேட்டாபேஸ்

1957-இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை கிடைத்தது. டாக்டர் பட்டத்தைத் தூக்கிப்போட்டவர் பேராசிரியர் ஆனார். ப்ளூமிங்டன் என்ற ஊர். 1964-இல் அமெரிக்கக் குடியுரிமை. கடைசிவரை அங்கேதான்.

இங்கேதான் கர்ட் சாக்ஸின் பழைய மாணவர் வெளியே வருகிறார். ஆசிய இசைக் குறியீடுகள் பற்றி 1967-இல் ஒரு புத்தகம். 1968-இல் வட இந்திய ராகங்கள். திபெத்திய பௌத்த ஓதுதல், சீன நூல்களில் இசை என்று வரிசையாக எழுதினார். 1976-இல் 'தி ராகாஸ் ஆஃப் சவுத் இந்தியா' வந்தது. நம் கர்நாடக ராகங்களின் பட்டியல்.

72 மேளகர்த்தா சட்டகத்தில் ஒவ்வொரு தாய் ராகத்தின் கீழும் அதன் ஜன்ய ராகங்களை வரிசைப்படுத்தி, ஆரோகண அவரோகணத்தை மேற்கத்திய நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஸ்ப்ரெட்ஷீட் இல்லாத காலத்து ஸ்ப்ரெட்ஷீட். தொழில்முறையில் எனக்குப் பிடித்த வகைப் புத்தகம்.

அதே தொழில்முறையில் ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே ஆரோகணம், ஒரே அவரோகணம். பட்டியலில் பார்த்தால் இரண்டும் ஒன்று. பாடிக் கேட்டால் இரண்டும் வேறு. ஒன்று துள்ளும், ஒன்று நின்று நிதானித்து அசையும். வித்தியாசம் கமகத்திலும் பிடியிலும் வேகத்திலும் இருக்கிறது. அட்டவணையின் கட்டத்துக்குள் அதை அடைக்க முடியாது. காஃப்மனுக்கு இது தெரியாமல் இல்லை. இது ஸ்வர வரிசைகளின் பட்டியல் மட்டுமே என்று துணைத் தலைப்பிலேயே போட்டுவிட்டார். தன் டேட்டாவில் எது இல்லை என்பதை அட்டையிலேயே சொல்லும் நேர்மை இன்றைய டாஷ்போர்டுகள் பலவற்றில் கிடையாது.

1984 செப்டம்பர் 9 அன்று ப்ளூமிங்டனில் காலமானார். வயது 77. கையெழுத்துப் பிரதிகள் பல்கலைக்கழக இசை நூலகத்துக்குப் போயின. பெரும்பாலானவை அச்சேறியதே இல்லை.

எங்கே கேட்கலாம்?

ரொம்ப நாள் வரை எங்கேயும் கேட்க முடியாது என்பதுதான் பதில். அடையாள மெட்டு மட்டும் தினமும் ஒலித்தது. மற்ற இசை எல்லாம் பெட்டிக்குள் கிடந்தது. 2020-இல் டொரண்டோவின் ஏஆர்சி ஆன்சாம்பிள் என்ற குழு அவருடைய சேம்பர் இசையை ஒரு முழு ஆல்பமாக வெளியிட்டது. நாடுகடந்து போன, மறக்கப்பட்ட இசையமைப்பாளர்களைத் தேடி எடுத்து வாசிப்பதை ஒரு தொடராகவே செய்துவரும் குழு அது. ஸ்ட்ரீமிங் ஆப்களில் காஃப்மன் பெயரையும் குழுவின் பெயரையும் சேர்த்துத் தேடினால் கிடைக்கும்.

இரண்டு ஸ்ட்ரிங் குவார்டெட்கள், ஏழாவதும் பதினொன்றாவதும். ஒரு வயலின் சொனாட்டா, ஒரு சொனாட்டினா, ஏழு பேர் வாசிக்கும் ஒரு செப்டெட். முதல்முறை கேட்பவர்கள் குவார்டெட் 11-இல் இருந்து தொடங்கலாம். மேற்கத்திய வாத்தியங்கள்தான், மேற்கத்திய வடிவம்தான். ஆனால் நடுவில் வயலின் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும்போது, ஆலாபனை கேட்டுப் பழகிய காது சட்டென்று நிமிரும். ஹெட்போன் போட்டு, வேறு வேலை பார்க்காமல் கேளுங்கள். வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் இன்னும் நல்லது.